நாற்பத்து மூன்று பலகைகளின் அக்கா

"சைக்கிளைச் சாய்க்காதீங்க, அது பலகை" என்று ஒருவரை விரட்டிவிட்டு, பலகை அக்கா துணியை உதறித் தூசி தட்டுகிறார். ரசமட்டத்தைத் தகட்டின் மேல்விளிம்பில் வைத்துப் பார்க்கிறார். குமிழி நடுவில் நிற்கிறது. மூன்றடி பின்னால் போய் வாய்விட்டு வாசிக்கிறார்: 'இவ்விடத்தில் மன்னரின் குதிரை நொண்டியது.' சுற்றிலும் பார்க்கிறார். குதிரை எதுவும் இல்லை. எதிரே சலூன் வைத்திருப்பவரிடம் கேட்கிறார்: "குதிரை விஷயமா யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரலைக்கா."

படிவத்தில் 'நிகழ்வில் மாற்றம்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்.

நெடுஞ்சாலை அலுவலகத்தில் அக்காவுக்கு இது ஒன்றுதான் வேலை. சாலையோரம் நிற்கும் நாற்பத்து மூன்று நினைவுப் பலகைகளையும் மாதம் ஒருமுறை பார்த்து வர வேண்டும். அந்தப் படிவத்தைத் தயாரித்த புண்ணியவான் 'தகட்டில் மாற்றம்', 'கம்பத்தில் மாற்றம்' என்று எழுதிக்கொண்டே போய், கை நிற்காமல் 'நிகழ்வில் மாற்றம்' வரை போய்விட்டார். வேறு யாராக இருந்தாலும் உட்கார்ந்த இடத்திலேயே நாற்பத்து மூன்று 'இல்லை' போட்டுவிட்டு வீட்டைப் பார்க்கப் போயிருப்பார்கள். அக்காவிடம் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இரண்டு படைகள் சந்தித்து, மழை பிடித்துக்கொண்டதால் சண்டை போடாமலே திரும்பிப் போன மேடு ஒன்று இருக்கிறது. அங்கே பத்து நிமிடம் காத்து நிற்பார். ஏன் என்று கேட்டால், "மழைக்குத்தானே போனாங்க, இப்ப வெயிலடிக்குதுல்ல" என்பார்.

அவர் கணவர் தையல்காரர். மிஷினை மிதித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "எங்க வீட்டுல ஒரு பலகைதாங்க பாக்கி. 'இவ்விடத்தில் ஒருவர் காபி கேட்டுக் காத்திருந்தார்'னு." அக்கா சிரிக்கவில்லை. "என்னைக்குன்னு தேதி சொல்லுங்க" என்றார்.

அக்காவைப் பாடாய்ப் படுத்துவது இருபத்தோராம் பலகைதான். பாலத்தருகே இருக்கிறது. பிரேக் பிடிக்காத பேருந்தைச் சுவரில் மோதி நிறுத்தி முப்பத்து நான்கு பேரைக் காப்பாற்றிய ஓட்டுநரைப் பற்றியது. கடைசி வரி: 'இவ்விடத்திலேயே உயிர் நீத்தார்.'

ஓட்டுநர் பாலத்தைத் தாண்டி மூன்றாவது வீட்டில் இருக்கிறார். அக்கா போகும்போதெல்லாம் தேநீர் கொண்டுவந்து தருபவரும் அவர்தான். விபத்தன்று ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். யாரோ அவசரக்குடுக்கை அன்றே பலகைக்குச் சொல்லிவிட்டார். பலகை வந்து இறங்கிய அன்று ஓட்டுநர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றாராம்.

அக்கா வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே அந்தக் கட்டத்தில் 'உண்டு. ஓட்டுநர் நலம்' என்று எழுதினார். 'எங்கள் ஆவணப்படி அவர் காலமாகிவிட்டார்' என்று பதில் வந்தது. அந்த ஆவணம் பலகையைப் பார்த்து எழுதப்பட்டது. அக்கா விடவில்லை, மறுபடி எழுதினார். உயிரோடிருப்பவர்களுக்குப் பலகை வைக்க விதியில்லை, அவர் இருப்பது உறுதியானால் பலகை அகற்றப்படும் என்று வந்தது அடுத்த கடிதம். ஓட்டுநர் இரண்டு நாள் தூங்கவில்லை. "பலகையும் வேணும்மா, நானும் வேணும். எழுதாம விட்டுடுங்க" என்றார். அன்றிலிருந்து அக்கா அந்தக் கட்டத்தில் வெறும் கோடு மட்டும் போடுகிறார். பொய் எழுதக் கை வராது.

போன வாரம் நானும் கூடப் போயிருந்தேன். நல்ல உச்சி வெயில். ஓட்டுநர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பலகைக்குப் பக்கத்தில் நின்றார். மறுநாள் அவருக்கு இதயத்தில் ஆபரேஷன். அதற்கு முன் பலகையோடு ஒரு படம் வேண்டும் என்று அடம். செல்போனை வைத்திருந்த மகள் அழுதுவிட்டார்.

"அந்த வரியோட நான் எடுக்க மாட்டேம்பா. நாளைக்கு உங்களை உள்ள அனுப்பிட்டு இதைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கச் சொல்றீங்களா?"

"இருபது வருஷமா பார்த்த வரிதானே" என்றார் ஓட்டுநர். குரல் இறங்கிவிட்டது. பேப்பர் ஒட்டி மறைக்கலாமே என்றேன். பலகையில் எதையும் ஒட்டக்கூடாது என்று விதியாம். அக்கா சொல்லிவிட்டு முறைத்தார்.

பிறகு மகளிடமிருந்து செல்போனை வாங்கி என் கையில் கொடுத்தார். பலகைக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல ஒரு பக்கமாகச் சாய்ந்து, முழங்கை முதல் விரல் நுனி வரை கையை நீட்டி, கடைசி வரியின் மேல் அழுத்தி வைத்தார். காலையிலிருந்து காய்ந்த இரும்புத் தகடு. முகம் ஒரு கணம் சுருங்கியது. நான் அவசர அவசரமாக ஒன்று எடுத்துவிட்டு, போதும் என்றேன்.

அக்கா கையை எடுக்கவில்லை.

"இன்னொண்ணு எடுங்க. அண்ணன் இன்னும் சிரிக்கல."