காம்பு கிள்ளுகிற கை

ராயபுரத்து மிளகாய்க் கிடங்கில் நெடி தொண்டையை அறுக்கிறது. நான் வேலை பார்க்கும் கப்பலின் சமையல்காரர், மெக்சிகோக்காரர், வற்றல் வாங்க வந்திருக்கிறார். அவருடைய அரைகுறை ஆங்கிலத்தைத் தமிழில் சொல்வது என் வேலை. அவர்கள் ஊர்க் கல்யாணங்களில் வற்றலை வறுத்து ஊறவைத்து, கொக்கோவோடு அரைத்து, வான்கோழிக் கறியின் மேல் ஊற்றுவார்களாம். எனக்கு நாக்கில் எச்சில் ஊறுகிறது.

தரையில் உட்கார்ந்து காம்பு கிள்ளிக்கொண்டிருக்கும் பெண் நிமிர்கிறாள்.

“அங்க காம்பு யாரு கிள்றாங்களாம்? கேட்டு சொல்லு நைனா.”

கேட்கிறேன்.

“பெண்கள்தான், வேறு யார்?” என்று சிரிக்கிறார் அவர். அவளிடம் சொல்கிறேன்.

பக்கத்தில் கட்டியிருக்கும் தூளியில் அவள் குழந்தை வீறிடுகிறது. மிளகாய்க் கையால் தொட முடியாது. காலை நீட்டித் தூளியை ஆட்டுகிறாள்.

“அப்ப அங்கியும் கொயந்தய கால்லதான் ஆட்டுவாளுங்கோ.”