மகளிர் குழுவைக் கபடி அணியாக்கிய வேல்பாண்டி அண்ணன்

செவ்வாய்க்கிழமை காலை கபடிப் பயிற்சிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் அணியின் வாட்ஸப்பில் செல்வி எழுதியிருந்தாள்: "ஃப்ளெக்ஸ் அண்ணே போயிட்டாரு." எங்கே போனார் என்று கேட்டேன். பிறகுதான் புரிந்தது. மாரடைப்பாம். வயது நாற்பத்தாறு.

ஆரப்பாளையத்தில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருந்த வேல்பாண்டி அண்ணனிடம் போர்டு அடித்த எல்லோருக்கும் தெரியும், அவர் கேட்டதை அப்படியே அடித்துக் கொடுக்கிற ஆள் இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் சண்டைக்கு வருவார். அதற்காகவே நான் அவருடைய ரசிகை!

சமயநல்லூரில் நாங்கள் ஏழு பெண்கள். போனில் வீடியோ பார்த்தே கபடி கற்றோம். கோச் கிடையாது. அழகர்கோவில் ரோட்டில் ஒரு ஊர்த் திருவிழாவில் வாடிப்பட்டிப் பெண்களோடு முதல் ஆட்டம் என்று முடிவானதும் போர்டு அடிக்கப் போனோம்.

"சமயநல்லூர் சிங்கப்படைன்னு போடுங்கண்ணே" என்றேன்.

"படையா? யாரு மேல படையெடுக்கப் போறீக?"

"அப்ப கோஷ்டி?"

"அதுக்கு மொதல்ல நீங்க ரெண்டா ஒடையணும். இன்னும் சண்டையே போடலையே."

"செட்டு?"

"செட்டுன்னா மேளம் எங்கம்பாக."

செல்விக்குப் பொறுமை போய்விட்டது. "பேசாம மகளிர் அணின்னு போடுங்கண்ணே."

"ஓட்டுக் கேக்க வந்திருக்கீகன்னு நெனைப்பாக, தங்கச்சி. எல்லாக் கட்சிலயும் இருக்கு மகளிர் அணி." கம்ப்யூட்டர் திரையில் ஒன்றை அடித்துப் பார்த்துவிட்டு, தீர்ப்புச் சொல்வது போலச் சொன்னார்: "மகளிர் குழு. மரியாதையா இருக்கும்."

எங்களுக்கும் பிடித்திருந்தது. ஏழு பேரின் போட்டோ, மேலே பெரிய எழுத்தில் 'சமயநல்லூர் மகளிர் குழு'.

ஆட்டத்தன்று போர்டைக் கட்டி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஓர் அக்கா வந்து, "எந்த பேங்க்குப்பா? எம்புட்டு லோன் தாராக?" என்றார். பையன்கள் சும்மா இருப்பார்களா? "தவணை கட்ட வந்துட்டாகடோய்!" என்று ஒரே கத்தல். அதைவிட மோசம், விழாக் கமிட்டித் தலைவர் போர்டைப் படித்துவிட்டு, "குழுக்காரவுகளா? நல்லதும்மா. ஆம்பளைக ஆட்டத்துக்கு நடுவுல பத்து நிமிசம் ஆடிக் காட்டுங்க, போதும்" என்றார். வாடிப்பட்டிப் பெண்களுக்கும் அதே பத்து நிமிடம்தான். நான்கு மாதம் வயலில் விழுந்து எழுந்தது இடைவேளை வேடிக்கைக்காகவா?

போர்டைப் படம் பிடித்து அண்ணனுக்கு அனுப்பினேன். "லோன் கேக்குறாகண்ணே." ஒரு மணி நேரத்தில் அவரே வண்டியில் வந்து இறங்கினார், கையில் சுருட்டிய ஸ்டிக்கரோடு. எங்களுக்குச் சமாதானம் சொல்லவில்லை. "தப்பு என்னோடது. ஏணி எங்க?" என்று மட்டும் கேட்டார்.

'மகளிர் குழு' இருந்த இடத்தின் மேல் 'கபடி அணி' என்று ஒட்டினார். இறங்கிவந்து என்னிடம் சொன்னார்: "குழு என்னத்தப் பண்ணுச்சு, அணி என்னத்தப் பண்ணுச்சு? முன்னாடி நிக்கிற 'மகளிர்'ங்கிற சொல்லுதான் ஆட்டத்தையே முழுங்கிருச்சு. ஆம்பளப் பயலுகளுக்கு நான் என்னைக்காச்சும் ஆடவர் அணின்னு அடிச்சிருக்கேனா?"

பிறகு தலைவரிடம் போனார். "அண்ணே, கபடி அணின்னு போட்டிருக்கேன். பத்து நிமிசம்னா என் போர்டு பொய்யாப் போயிரும். இருபது வருசத்துல நான் பொய் போர்டு அடிச்சதில்ல."

"ஏய்யா, நேத்துப் பொறந்தநாள் போர்டுல என்னைய மாவீரன்னு போட்ட?"

"அது நீங்க சொல்லிப் போட்டது. இது நானாப் போட்டது."

தலைவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. முழு ஆட்டம் கிடைத்தது. மூன்று புள்ளியில் தோற்றோம். ஆனாலும் மைக்கில் எங்களைக் கபடி அணி என்றே கூப்பிட்டார்கள்.

அந்த ஸ்டிக்கர் அடுத்த மழையிலேயே உரிந்துவிட்டது. நான் வைத்துக்கொண்டிருப்பது ஏணி கேட்பதற்கு முன் அவர் சொன்ன அந்த இரண்டு சொற்களை. செய்தி வந்த அன்றும் பயிற்சிக்குப் போனோம். மனம் எங்கோ இருந்தது, ஓரத்தில் கார்னர் காத்து நின்ற நான் கால் வழுக்கி விழுந்தேன். எதிர்ப்பக்கமிருந்து கபடி பாடி வந்தவள், வழி திறந்துவிட்டது என்று அங்கே பாய்ந்தாள். "தப்பு என்னோடது" என்று மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தேன். என் இடத்தில் செல்வி நின்றுகொண்டிருந்தாள். பாடி வந்தவளின் கால் அவள் பிடியில் இருந்தது.