மீட்டருக்குத் தெரியாத தூரம்

என் கணவருக்கு என் சொல்லைவிட லொறி மீட்டரின் சொல் பெரிது.

பள்ளிவாசல்துறைக்குக் கருவாடு ஏற்றப் போகும்போதெல்லாம் லொறி மணலில் புதைகிறது என்று, எல்லாச் சில்லுக்கும் பெரிய டயர் போட்டார். குருநாகல் பக்கத்துச் சந்தை ஓட்டம் அதற்குப் பிறகுதான் கிடைத்தது. சுபஹுத் தொழுகைக்கு முன்பே புத்தளத்தில் எங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டு, நோன்பு திறக்கும் நேரத்துக்குத் திரும்பிவிடுவார். றமழானில் ஒரு நாள், வரும் வழியில் கண் அயர்ந்துபோய் லொறி றோட்டோரப் பற்றைக்குள் இறங்கியதை, கஞ்சி குடித்துக்கொண்டே சாவகாசமாகச் சொன்னார். இனி ஓட்டம் போகும் நாளில் நோன்பை விடுங்கள் என்றேன்.

பயணிக்கு நோன்பை விட அனுமதி உண்டு. பிறகு வேறு நாளில் நோற்றுக் கழா செய்யலாம். அதற்கு எவ்வளவு தூரம் போகவேண்டும் என்று மௌலவி சொல்லியிருந்தார். மீட்டர் கணக்கில் சந்தை அந்தத் தூரத்துக்குச் சற்று இப்பால் நின்றது. போனில் பார்த்தால் தாண்டியிருந்தது. போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டிச் சண்டை பிடித்தேன்.

"போன் வானத்தப் பாத்துக் கணக்குச் சொல்லுது. நான் தார் றோட்டால போறன்," என்றார்.

நோன்பை விடமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றவர், என் அழுகையைப் பார்க்க முடியாமல் ஒரு சத்தியம் மட்டும் செய்தார். நோன்பு முடியும்வரை மீட்டர் முள்ளை ஐம்பதைத் தாண்ட விடமாட்டாராம். அதோடு என் வாயை அடைத்துவிட்டதாக நினைத்தார். நானா விடுவேன்? அவர் அப்படி இன்னும் சில ஓட்டம் போய்வந்த பிறகு, மீட்டரைப் பார்த்தே ஆகவேண்டும் என்று முந்தல் ஊரில் இருந்த மெக்கானிக்கிடம் அவரை இழுத்துக்கொண்டு போனேன்.

மெக்கானிக் சிலாபம் பக்கத்துச் சிங்களவர். பாதித் தமிழிலும் பாதிச் சிங்களத்திலும் எங்கள் சண்டையைக் கேட்டுச் சிரித்தார். பிறகு பெரிய டயரின் அடியிலும் நேர்கீழே நிலத்திலும் சோக்கால் ஒரு கோடு போட்டு, சில்லு ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்வரை லொறியை மெதுவாக உருட்டச் சொன்னார். ஸ்பெயார் சில்லு இன்னும் பழைய அளவுதான். அதையும் அதே கோட்டிலிருந்து ஒரு சுற்று உருட்டினார். அது ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது.

மீட்டர் றோட்டைப் பார்ப்பதில்லையாம். சில்லு எத்தனை தடவை சுற்றியது என்று மட்டும் எண்ணி, பழைய சில்லின் அளவால் பெருக்கிச் சொல்கிறதாம். நான் அந்த ஒரு சாண் நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு சுற்றுக்கும் கணக்கில் வராத ஒரு சாண். குருநாகல் வரைக்கும், திரும்பி வீடு வரைக்கும். அப்படிச் சேர்ந்த தூரம் எவ்வளவு என்று யோசிக்க எனக்குத் தலை சுற்றியது. சுப்ஹானல்லாஹ் என்று வாய் தானாகச் சொன்னது.

சந்தை மௌலவி சொன்ன தூரத்தைத் தாண்டித்தான் இருக்கிறது, வென்றுவிட்டேன் என்று அவர் பக்கம் திரும்பினேன். அவர் முகம் வெளுத்திருந்தது.

"அப்ப வேகம்?" என்று மெக்கானிக்கைக் கேட்டார்.

வேகமும் அப்படித்தான், காட்டியதைவிடக் கூடத்தான் ஓடியிருக்கிறீர்கள் என்றார் மெக்கானிக். அந்த நொடிவரை அது எனக்கு உறைக்கவில்லை. மீட்டருக்குப் போகும் வயரில் அவர் சின்னப் பெட்டியொன்றைப் பொருத்தி, புதுச் சில்லின் அளவை அதில் பதிந்து தந்தார்.

திரும்பும் வழியில் முள் ஐம்பதில் நின்றது. தென்னந்தோட்டங்கள் ஆடி அசைந்து பின்னால் போயின. எங்களை ஒரு பஸ் முந்தியது, பிறகு ஒரு த்ரீவீலரும் முந்தியது. ஐம்பது என்றால் இவ்வளவுதானா? இத்தனை நாளும் தூக்கக் கண்ணோடு இதைவிட வேகமாகவா வந்தார்? எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. பயமா, நன்றியா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

முள்ளைப் பார்த்தபடியே ஓட்டியவர், "மெதுவாத்தான் வாறனெண்டு உனக்குச் சத்தியம் பண்ணினன். அப்ப என்னைக் கொண்டு வந்து சேத்தது ஆரு புள்ள?" என்றார்.

அவர் என்னிடம் கேட்ட கேள்வியாக அது எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த குருநாகல் ஓட்டத்தன்று, சஹர் சாப்பாடு முடிந்து புறப்படும்போது குசினி வாசலில் வந்து நின்றார். ஒரு போத்தல் தண்ணீர் தரச் சொன்னார்.

"வழியில குடிக்க," என்றார்.