அறுபத்து நாலில் ஒரு கட்டம்

தையல்காரர் மகளை வேலையிலிருந்து துரத்திவிட்டார்களாம். யார் பார்த்தது? கீழ்வீட்டு அக்கா அந்த ஆபீசுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாளா? எதையோ திருடி விற்றுவிட்டாளாம், போலீஸ் வரப்போகிறதாம். நாக்குக்கு நரம்பில்லாமல் பேசுகிறார்கள். அவள் திருடவும் இல்லை, அவளை யாரும் துரத்தவும் இல்லை. தப்பு செய்தாள், இல்லையென்று சொல்லவில்லை. அது வேறு தப்பு.

அவள் வேலை பார்த்தது, கம்ப்யூட்டரை உள்ளிருந்து நடத்தும் புரோகிராமை எழுதுகிற இடத்தில். கம்ப்யூட்டரின் நினைவகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சீட்டு, அதில் அறுபத்து நாலு கட்டம். கட்டத்துக்குள் ஒன்று அல்லது பூஜ்யம், அவ்வளவுதான். பக்கம் எங்கே கிடக்கிறது, அதில் எழுதலாமா கூடாதா எல்லாம் அதைப் பார்த்துத்தான் சிப்புக்குத் தெரியும். மூன்று கட்டங்களை மட்டும் புரோகிராம்காரர்கள் இஷ்டத்துக்கு விட்டிருந்தார்கள். இன்னும் சிலவற்றை, 'பின்னால் எங்களுக்கு வேண்டும், பூஜ்யமாகவே இருக்கட்டும்' என்று சிப்பு செய்தவர்கள் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

எந்தப் பக்கம் மாறியது என்று குறித்து வைக்க அவளுக்கு ஒரு கட்டம் தேவைப்பட்டது. அந்த மூன்றையும் மற்ற குழுக்கள் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டன.

பக்கத்து மேஜையில் இருந்த அண்ணனுக்கு ஆபீசில் தாடி என்று பெயர். "பக்கத்து டீம்ல கேப்போம்மா, ஒண்ணை விட்டுக்கொடுப்பாங்க. ரெண்டு வாரம் ஆகும்" என்றார்.

"அதுக்குள்ள உங்க தாடி தரையைத் தொட்டுடும்ணே. இதோ இந்தக் கட்டம் சும்மாதானே கிடக்கு."

"சும்மா கிடக்கல. சிப்பு செஞ்சவங்க பின்னால வேணும்னு விட்டு வச்சிருக்காங்க."

"நம்ம மெஷின் எல்லாத்துலயும் போட்டுப் பாத்துட்டேன், ஒண்ணும் ஆகல. நீங்க சரின்னு மட்டும் போடுங்க."

ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் பார்த்து ஒப்புதல் போட்டால்தான் அங்கே செல்லும். நச்சரிப்பு தாங்காமல் அவர் ஒப்புதல் போட்டார். அப்பா சட்டைக்கு உள்தையலில் இரண்டு விரல் துணி மடித்து விடுவதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். உடம்பு போட்டால் பிரித்துவிட அந்தத் துணி வேண்டும். மிச்சம் என்று யாரும் வெட்ட மாட்டார்கள். அவள் வெட்டினாள்.

ஏழு மாதம் கழித்து, அந்தப் புரோகிராம் ஓடிய ஒரு ஆஸ்பத்திரியில் புது மெஷின்கள் வாங்கினார்கள். புதுச் சிப்பில் அந்தக் கட்டத்துக்கு வேலை வந்திருந்தது. பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் அவள் போட்ட 'ஒன்று' இருப்பதைப் பார்த்ததும், தொடக்கூடாத பக்கம் என்று எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மெஷினாக நின்றது. ஒரு பகல் முழுக்க நோயாளிகள் வரிசையில் காத்துக் கிடந்தார்கள்.

யார் ஒப்புதல் என்று மேலதிகாரி தேடினார். தாடியின் பெயர் இருந்தது. கூட்டத்தில் அவர் இவளை ஒரு தடவை பார்த்தார். "நான்தான் சரியா பாக்கல சார்" என்றார். இவள் தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று எட்டு நாள் போனது. ஒன்பதாம் நாள் பக்கத்து மேஜை காலி.

போன் செய்தாள். "நீ படிச்ச புத்தகத்தை நானும்தானே படிச்சேன், விடும்மா" என்றார் அவர். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

மேலதிகாரியிடம் போய் உண்மையைச் சொன்னாள். "ஆஸ்பத்திரிக்கு ஒரு காரணம் சொல்லி முடிச்சாச்சு. இப்ப அதை மாத்தினா சிரிப்பாங்க. போய் வேலையைப் பாரும்மா."

"அவர் பேரு கெட்டுப்போச்சே சார்."

"அவர் வேற வேலை தேடிக்குவார்."

அன்றைக்குத்தான் பக்கத்துக் குழுவில் போய்க் கட்டம் கேட்டாள். தேநீர் ஆறுவதற்குள் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் அதைப் பயன்படுத்துவதை நிறுத்தியே ஒரு வருஷம் ஆகியிருந்ததாம். இரண்டு வாரமும் வேண்டாம், ஒரு நடை போயிருந்தால் போதும்.

புரோகிராமைத் திருத்திக் கொடுத்தாள். பிறகு ஆபீசில் இருந்த அத்தனை பேருக்கும் கடிதம் அனுப்பினாள்: அண்ணன் வேண்டாம் என்றார், புத்தகத்தில் எழுதியிருந்தது எனக்குத் தெரியும், கட்டத்தை எடுத்தது நான், அவர் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடுங்கள். அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

மேலதிகாரி எழுந்து வந்தார். "எங்கம்மா கிளம்பிட்ட? உன்னை யாரும் போகச் சொல்லலையே."

"அவர் போறப்ப நான் ஒரு வார்த்தை சொல்லல சார்" என்றாள். கதவைத் தள்ளிக்கொண்டு படியிறங்கினாள்.