கனமில்லாத டயப்பர்

மகள் பிறந்து ஒரு மாதம். தூக்கம் எது, விழிப்பு எது என்று தெரியாமல் மிதந்துகொண்டிருந்தேன். முகப்பேரில் எங்கள் தெருவுக்கு வரும் குப்பை வண்டியின் பாட்டுகூடக் கனவுக்குள்தான் கேட்கும். கழற்றிய டயப்பர்களைக் காய்கறித் தோலோடு ஒரே பையில் கட்டி நீட்டிவிடுவேன்.

ஒருநாள் குப்பை வாங்கும் அக்கா நகராமல் நின்றார்.

"இன்னாமா, கொயந்த பால் குடிக்குதா? ரெண்டு நாளா டயப்பரு கனமே இல்லாம கீது."

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"நான்தானே கையால பிரிச்சுப் போடுறேன்."

கூசிப்போனேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். உடம்பில் நீர் குறைந்திருக்கிறது, நல்லவேளை வந்தீர்கள் என்றார் டாக்டர்.

இப்போது டயப்பரைக் காகிதத்தில் சுற்றித் தனியாகத் தருகிறேன். அக்கா அதை ஒரு கணம் கையில் ஏந்திப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார். அதற்குப் பிறகுதான் எனக்கு விடிகிறது.