பச்சை ஜோடியின் மறுபாதி

நான் திருடன். என் நண்பனிடமிருந்து ஒரு தபால்தலையைத் திருடினேன். பிறகு, பலர் நடுவே அவனைப் பொய்யனாக்கினேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களுக்கு என் முகம் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் சொல்கிறேன்.

ஒரு தபால்தலைக்கா இத்தனை ஒப்பாரி என்று சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நானும் அப்படிச் சிரித்துத் தப்பிக்கப் பார்த்தவன்தான்...

பெரம்பலூரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஊரார் பார்வையைச் சரிசெய்து அனுப்புகிற பெரிய மனிதன்! எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. அமெரிக்காவில் நூறு ஆண்டுகளுக்கு முன்பு, இயந்திரத்தில் காசு போட்டால் சுருளிலிருந்து தபால்தலை வரும். அப்படி வந்த தலைகளுக்கு இரண்டு பக்கம்தான் பல் விளிம்பு. மற்ற இரண்டு பக்கமும் கத்தியால் வெட்டினாற்போல நேராக இருக்கும். அவற்றில் மிகப் பழையவை உலகத்தில் கொஞ்சம்தான் மிச்சம். போன் திரையில் அவற்றைப் பார்த்துப் பார்த்து எச்சில் விழுங்கியே எனக்குப் பாதி வயது போயிற்று.

இளங்கோவுக்கு அந்தப் பைத்தியத்தை ஒட்டவைத்தவன் நான். அவன் ஆண்டிமடத்தில் முந்திரி வியாபாரி. பள்ளி நாளிலிருந்து என் நண்பன்.

அரியலூரில் ஒரு பழைய பேப்பர் கடையில் அவனுக்கு ஒரு கட்டு அஞ்சலட்டை கிடைத்தது. அதில் ஒன்று அமெரிக்காவிலிருந்து வந்தது. அதன்மேல் பச்சை நிறத்தில், ஒரு சென்ட் விலையுள்ள தலைகள் இரண்டு, ஒன்றோடொன்று ஒட்டியபடி. நாங்கள் எல்லோரும் சிறுவயதில் பழகிய மாதிரியே, அவன் அட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டுத் தலைகளை உரித்தான். ஊறிய அட்டையைக் குப்பையில் போட்டுவிட்டான். அந்த அட்டை இருந்திருந்தால் அதுவே சாட்சி! அது போனபின், அவை இரண்டும் ஒட்டியிருப்பது ஒன்றுதான் சாட்சி.

ஏன் என்று கேட்பீர்கள். நான்கு பக்கமும் பல் உள்ள சாதாரணத் தலையை எடுத்து, மேலும் கீழும் கத்தரித்துவிட்டு, இயந்திரத் தலை என்று சொல்லி ஏமாற்றுகிறவர்கள் நிறைய. அதனால் ஒற்றைத் தலையை யாரும் லேசில் நம்பமாட்டார்கள். ஜோடியாக இருந்து, அதன் குறுக்கே ஒரே முத்திரையும் விழுந்திருந்தால் நின்று பார்ப்பார்கள்.

இளங்கோ அதை ஒரு கவரில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பஸ் ஏறி என் கடைக்கு வந்தான். கடையில் அன்று கூட்டம்.

"மாப்ள, நீ சொல்லுவியே, அந்த மெஷின் தலை, அதுவான்னு பாரு. ரெண்டு ஒட்டி இருக்கு. எனக்கு அவசரம், நாளைக்கு வரேன்" என்று சொல்லிக் கவரை மேசையில் வைத்துவிட்டுப் போனான். போனில் ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. என்னிடம் கொடுப்பதற்குப் படம் எதற்கு என்று நினைத்திருப்பான்...

மத்தியானம் கடை ஓய்ந்ததும் கவரைத் திறந்தேன். அதுதான்! அதுவேதான்!

கேட்டிருந்தால் கொடுத்திருப்பான். இரண்டையுமே கொடுத்திருப்பான். ஏன் கேட்கவில்லை? அவன் கையால் வாங்க எனக்குக் கௌரவக் குறைச்சல். இந்த விஷயத்தில் அவனுக்கு நான்தானே வாத்தியார்!

இரண்டையும் எடுக்கத் துணிச்சல் இல்லை. நடுவில் இருந்த துளை வரிசையில் மடித்தேன். கிழித்தேன். முத்திரையின் வட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஆண்டு தெரிகிற பாதியை நான் வைத்துக்கொண்டேன். திருட்டிலும் எவ்வளவு நிதானம், பாருங்கள்.

மறுநாள் அவனிடம், "கவர்ல ஒண்ணுதான்டா இருந்துச்சு. வழியில பிரிஞ்சு விழுந்திருக்கும்" என்றேன்.

அவன் முகம் செத்துப்போயிற்று. "பாக்கெட்ல வச்சது என் தப்பு மாப்ள" என்று தலையில் அடித்துக்கொண்டான். பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, முந்தின நாள் வந்த பஸ்ஸைத் தேடிப்பிடித்து, ஒவ்வொரு சீட்டின் அடியிலும் குனிந்து பார்த்தான். கூடவே நானும் குனிந்து தேடினேன். ஆமாம், தேடினேன்! என் கடை மேசை இழுப்பறையில் இருப்பதை, பஸ்ஸின் அழுக்கில் தேடினேன்.

அத்தோடு முடிந்திருக்கலாம். மிஞ்சிய ஒற்றைத் தலையைத் திருச்சியில் நடந்த ஒரு கண்காட்சியில் வைத்தான். வேண்டாமென்று சொல்லிப் பார்த்தேன். ஏன் என்று கேட்டான். என்னத்தைச் சொல்ல? நானும் கூடப் போனேன்.

நடுவர் லென்ஸை வைத்துக் குனிந்தார். "மேலயும் கீழயும் கத்தரிச்சிருக்கு. யார் வேலைங்க இது?" என்றார்.

"சார், ரெண்டு ஒட்டி இருந்துச்சு சார். சத்தியமா நான் கத்தரிக்கல. இவன்கிட்டதான் குடுத்தேன், கேளுங்க" என்று இளங்கோ என் பக்கம் கையைக் காட்டினான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு சொல் போதும். அவன் மானம் பிழைத்திருக்கும். என்னுடையது போயிருக்கும்.

"என்கிட்ட வந்தப்ப ஒண்ணுதாங்க இருந்துச்சு" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். அன்றிலிருந்து தலை சேர்ப்பவர்கள் நடுவே அவன் பெயர் 'கத்தரி இளங்கோ'. திரும்பி வருகையில் பாடாலூர் தாண்டியதும் அவன் மெதுவாகச் சொன்னான்: "நீ சொல்றதுதான்டா சரியா இருக்கும். ஒட்டி இருந்துச்சுன்னு நான்தான் நெனச்சுக்கிட்டேன் போல. எனக்கு எங்க இதெல்லாம் வெளங்குது?"

அடித்திருக்கக் கூடாதா அவன்! காறித் துப்பியிருக்கக் கூடாதா! என்னைச் சந்தேகிக்க மனம் வராமல், தன் கண்ணையே சந்தேகித்தான் பாவி...

போன மாதம் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு பை முந்திரிப் பருப்பு. இன்னொரு பையில் அவன் சேர்த்த தலைகள் அத்தனையும்.

"எனக்கு இது ஒத்துவராது மாப்ள. நீயே வச்சுக்க. அந்தப் பச்சைய மட்டும் தனியா வையி. புதுசா சேக்குறவங்களுக்குக் காட்டு. டூப்ளிகேட் எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கட்டும்."

உள்ளறைக்குப் போனேன். அவனுடைய பாதியை என்னுடையதன் பக்கத்தில் வைத்தேன். பல்லோடு பல் பொருந்தியது. கிழிந்த நார்கூட ஒன்றோடொன்று சேர்ந்தது. முத்திரை வட்டம் முழுசாகிவிட்டது. பத்தடி தூரத்தில் கூடத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். இரண்டையும் அப்படியே ஏந்திக்கொண்டு போய் அவன் காலில் விழுந்தால் என்ன? கதவுவரை போனேன். அப்போது என் மனைவியிடம் அவன் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"எல்லாரும் கத்தரின்னு கேலி பண்ணுறாங்க தங்கச்சி. இந்த ஒருத்தன்தான் ஒரு நாளும் அந்த வார்த்தையச் சொன்னதில்ல."

திரும்பிவிட்டேன். இரண்டையும் ஆல்பத்துக்குள் தள்ளி மூடினேன். வெறுங்கையோடு கூடத்துக்கு வந்தேன்.

"என்னடா, நல்லாப் பாத்தியா? டூப்ளிகேட்தானே?" என்று கேட்டான். அந்தக் குரலில் இன்னமும் ஒரு துளி ஆசை இருந்தது. கேளுங்கள், அது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஆமாடா" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டான். டீயைக் குடித்து முடித்தான். நானே கூடப் போய் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

ஜோடி இப்போது என்னிடம் இருக்கிறது. எந்த நடுவரும் மறுக்க முடியாத ஜோடி! யாரிடம் காட்டுவேன்? நாளைக்கும் இளங்கோ போன் செய்வான், "சாப்டியாடா?" என்று கேட்பான்.

சாப்பிட்டேன் என்பேன்.