மிளகாய் திருப்பிக் கொண்டுவந்த பை

எங்கள் குடியிருப்பில் குப்பை எடுப்பவளுக்கு மிளகாய் என்று பெயர் வைத்தது நான்தான். முகத்துக்கு நேரே கூப்பிடும் தைரியம் எனக்கில்லை. ஒருமுறை சவர பிளேடைக் காய்கறித் தோலோடு போட்டுவிட்டேன். பதினோரு மணிக்குக் கதவு இடிபட்டது. பையை வாசலில் கவிழ்த்து, பிளேடை என் செருப்பின்மேல் வைத்து, "பிரிச்சுக் குடுங்க சார், நிக்கறேன்" என்றாள். தொப்பையைத் தூக்கிக்கொண்டு குந்தி உட்கார்ந்து வெண்டைக்காய்க் காம்பு பொறுக்கினேன்.

அதுதான் அவள் சட்டம். அடுப்படிக் கழிவு ஒரு பை, காகிதமும் பிளாஸ்டிக்கும் ஒரு பை, மற்றது தனி. உடைந்தது, கூரானது எதுவானாலும் காகிதத்தில் சுற்றி, மேலே சிவப்புக் கோடு போட வேண்டும். கலந்திருந்தால், எல்லா வீட்டுக் குப்பையையும் பார்த்து முடித்தபின் பதினோரு மணிக்கு அந்தப் பை வாசலுக்குத் திரும்பி வரும். வசவும் கூடவே வரும்.

வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் பின்னால் நாலு செங்கல் தொட்டிகள். எங்கள் தோலும் சக்கையும் அங்கேதான் உரமாகின்றன. கையுறை வாங்கிக் கொடுத்தோம், போடமாட்டாள். தொட்டியின் சூடு கைக்குத் தெரிய வேண்டுமாம். வெறும் கையை முழங்கைவரை விட்டுப் பார்த்து, பதமா அழுகலா என்று சொல்லிவிடுவாள். இடது காது கேட்காது, புருஷன் அறைந்த அறை. தோள் எலும்பை முறித்ததும் அவன்தான். அவனைப் பற்றிக் கேட்டால், அவனை அவன் அம்மா வீட்டு வாசலிலேயே திருப்பிப் போட்டுவிட்டதாகச் சொல்லிச் சிரிப்பாள்.

அவளிடம் ஒருநாளும் திட்டு வாங்காத வீடு ஒன்றே ஒன்று. மூன்றாவது மாடியில் எனக்கு அடுத்த வீடு. புருஷன், பெண்டாட்டி, இரண்டே பேர். பால் உறையைக் கழுவி நாலாக மடித்திருப்பாள் அந்தப் பெண். முட்டை ஓட்டைக்கூட நொறுக்கித்தான் போடுவாள். மிளகாய் அவள் முகத்தை நாலு தடவை பார்த்திருந்தால் அதிகம். ஆனாலும் தங்கச்சி என்றுதான் சொல்வாள். அந்தப் பெண் வெளியே வருவது காலையில் பைகளை வாசலில் வைப்பதோடு சரி. எட்டரைக்குப் புருஷன் வேலைக்குக் கிளம்பி, கதவை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவான். அதையும் நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

ஒரு திங்கட்கிழமை எட்டு மணிக்கு, அந்த வீட்டு அடுப்படிக் கழிவுப் பைக்குள் கைவிட்ட மிளகாய் அலறினாள். உள்ளே உடைந்த பீங்கான் தட்டு. உள்ளங்கை வெள்ளையாகப் பிளந்து, பிறகு ரத்தம் கொட்டியது. பதினோரு மணிவரை பொறுக்க அவளால் முடியவில்லை. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு பையோடு மேலே ஓடினாள். கதவைத் திறந்தது புருஷன். உங்கள் வீட்டம்மாவுக்குக் கண் அவிந்துபோச்சா என்று கத்திவிட்டுப் பையை அவன் கையில் திணித்தாள். அவன் சிரித்துக்கொண்டே, "நான் சொல்லிக்கறேன்" என்றான்.

கதவு மூடியது. சுவரில் ஏதோ மோதியது, ஒருமுறை அல்ல. நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

மறுநாள் அந்த வீட்டுப் பைகள் வழக்கம்போல ஒழுங்காக வந்தன. தனிப் பையில் வேரோடு பிடுங்கிய முடிக்கற்றை. ரத்தம் காய்ந்த துண்டு. காகிதத்தில் சுற்றி, சிவப்புக் கோடு போட்ட ஒரு சின்னப் பொட்டலம். மிளகாய் பிரித்தாள். ஒரு பல்.

மண்வெட்டியோடு அவள் மேலே வந்தபோது அவன் கதவைப் பூட்டச் சாவியை எடுத்திருந்தான். கேள்வியே கேட்காமல் காம்பால் முழங்காலில் அடித்தாள். அவன் அவள் முடியைப் பிடித்து முகத்தைச் சுவரில் மோதினான். எட்டி உதைத்ததில் ஆறு படி உருண்டாள். தவழ்ந்து ஏறி வந்து மறுபடி அதே முழங்காலில் போட்டாள். எலும்பு முறிந்த சத்தம் என் வீட்டுக்குள் கேட்டது. விழுந்தவன் அவளையும் இழுத்துப் போட்டுக் கழுத்தை நெரித்தான். அப்போதுதான் உள்ளேயிருந்து அந்தப் பெண் வந்தாள், வீங்கிய வாயும் கையில் இரும்புச் சட்டியுமாக. பின்மண்டையில் ஒரே அடி. அவன் கை தளர்ந்தது.

பிறகு எல்லாக் கதவுகளும் திறந்தன. என்ன சத்தம் என்று நான்தான் முதலில் கேட்டேன். மிளகாய் ரத்தம் துப்பிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இப்ப மட்டும் காது கேக்குதா சார்?"

போலீஸ் வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போனது. படியில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் மிளகாயின் கட்டுப் போட்ட கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கலந்து போட்டா நீங்க பதினோரு மணிக்கு வருவீங்கன்னுதான்க்கா தட்டைப் போட்டேன். அப்ப அவர் இருக்கமாட்டார். பூட்டுன கதவுக்கு உள்ளேயிருந்தே அவர் அடிக்கறதைச் சொல்லிடலாம்னு. கை கிழியும்னு நெனைக்கல."

மிளகாய் அவள் மடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள். "அவன் கையிலயே குடுத்துட்டேனே தங்கச்சி" என்று சொல்லித் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள். மறுபடி அறைந்தாள். உள்ளங்கையில் போட்ட தையல் பிரிந்து கன்னமெல்லாம் ரத்தம். அந்தப் பெண் கையைப் பிடித்து நிறுத்தவேண்டியிருந்தது.

சுவரைத் தட்டி என்னைக் கூப்பிட்டிருக்கலாமே என்று அவளிடம் கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். தட்டியிருக்கிறாள். இரண்டு மாதத்துக்கு முன், பட்டப்பகலில், மூன்று முறை. ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தேன் என்பதும் பொய்.